டெக்னீசியம் குளோரைடுகள்: ஆய்வகக் குடுவையிலிருந்து மருத்துவமனைக் குப்பி வரை

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ அணு மருத்துவப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் எலும்பு ஸ்கேன் எடுத்தவரின் உடலில் சில மணி நேரம் ஒரு செயற்கைத் தனிமம் ஓடியிருக்கும். அதுதான் டெக்னீசியம், அணு எண் 43. மெண்டலீவின் அட்டவணையில் மாங்கனீசுக்குக் கீழே காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தை 1937-இல் பலெர்மோவில் கார்லோ பெரியரும் எமிலியோ செக்ரேயும் நிரப்பினார்கள். பெர்க்லி சைக்ளோட்ரானில் அடிபட்டுத் தேய்ந்த மாலிப்டினம் தகட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். மனிதன் செய்த முதல் தனிமம் என்பதால் "செயற்கையானது" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் பெயராயிற்று.

இந்த வழிகாட்டி அதன் ஹேலைடுகளைப் பற்றியது, அதாவது புளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஹாலஜன்களோடு அது சேர்ந்து உருவாக்கும் சேர்மங்களைப் பற்றியது. மில்லிகிராம் அளவில் குளோரைடு தயாரிக்கும் வேதியியல் மாணவருக்கும், நானோகிராம் அளவில் ஊசி மருந்து கலக்கும் கதிரியக்க மருந்தாளருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை, ஆனால் இருவரையும் வீழ்த்துவது ஒரே எதிரிதான். காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரும் குளோரைடின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது கடைசியில் குடுவையின் அடியில் கருப்பாக டெக்னீசியம் டைஆக்சைடு படிகிறது. அதே பொருள்தான் மருந்துக் குப்பியில் கண்ணுக்குத் தெரியாத கூழ்மமாகி நோயாளியின் கல்லீரலில் போய் உட்காருகிறது.

முதலில் எந்த டெக்னீசியம் என்று தெளிவாகட்டும்

ஹேலைடு தயாரிப்பில் பயன்படுவது டெக்னீசியம்-99. அரை ஆயுள் சுமார் 2,11,000 ஆண்டுகள். ஒரு கிராமுக்கு 0.63 ஜிகாபெக்கரல் கதிரியக்கம் (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணு சிதைவது), வெளிவருவது அதிகபட்சம் 294 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள பீட்டா துகள். சோதனைக்குழாயின் கண்ணாடியே அதைத் தடுத்துவிடும், எனவே ஈயக் கவசம் வேண்டாம். ஆபத்து வெளியிலிருந்து வருவதல்ல. பொடியாக மூக்கிலோ வாயிலோ போனால்தான் கெடுதல். மருத்துவமனையில் இருப்பது டெக்னீசியம்-99எம், அதே அணு கூடுதல் ஆற்றலோடு இருக்கும் நிலை; அந்த ஆற்றலைக் காமா கதிராக விட்டு 99 ஆகிவிடும். அரை ஆயுள் 6 மணி நேரம், காமா ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதற்குக் கட்டாயம் ஈயம் வேண்டும்.

வேதியியலில் இரண்டும் ஒன்றே. வித்தியாசம் அளவில்தான். 1 ஜிகாபெக்கரல் 99எம் என்பது வெறும் 5 நானோகிராம்.

மலேசியாவில் இரண்டையும் கையாள 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டப்படி (சட்டம் 304) உரிமமும், பொறுப்பேற்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் வேண்டும். கீழே உள்ள எந்தப் படியும் அதற்கு அப்புறம்தான்.

எந்த ஹாலஜன் எதுவரை தாங்கும்

உலோகத்தை 400 டிகிரி செல்சியஸில் அதிகப்படியான புளோரினோடு சேர்த்தால் கிடைப்பது டெக்னீசியம் ஹெக்சாபுளோரைடு: பொன்மஞ்சள், 37.4 டிகிரியில் உருகும், 55.3 டிகிரியில் கொதிக்கும். நம் ஊரில் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் திரவமாகிவிடும் பொருள். அட்டவணையில் அடுத்த வரிசையிலுள்ள ரீனியம் ஹெப்டாபுளோரைடு வரை போகிறது, டெக்னீசியம் +6 ஆக்சிஜனேற்ற நிலையிலேயே நின்றுவிடுகிறது. புளோரின் வேலைக்கு நிக்கல் அல்லது மோனல் பாத்திரமும் தனிப் பயிற்சியும் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

குளோரின், புரோமின் இரண்டும் +4 வரை ஏற்றும், அயோடினோடு +3 தான். காரணம் எளிது. புளோரைடு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்காது. குளோரைடு கொஞ்சம் கொடுக்கும். அயோடைடு தாராளமாகக் கொடுத்து உலோகத்தைக் கீழே இறக்கிவிடும். இந்தத் தாராளத்தை நாம் கீழே பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம்.

2009 வரை டெக்னீசியத்தின் இரட்டைத் தனிம ஹேலைடுகளாக உறுதியாகத் தெரிந்தவை மூன்றே: ஹெக்சாபுளோரைடு, பென்டாபுளோரைடு, டெட்ராகுளோரைடு. அதன் பிறகு லாஸ் வேகஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழகக் குழு டைகுளோரைடு, டிரைகுளோரைடின் இரண்டு வடிவங்கள், புரோமைடுகள், டிரைஅயோடைடு என்று பட்டியலை நீட்டியது. இவ்வளவு எளிய சேர்மங்கள் இவ்வளவு தாமதமாக வந்ததற்குக் காரணம், உலகில் இந்த வேலைக்கு வசதியும் அனுமதியும் உள்ள ஆய்வகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதே.

அம்மோனியம் ஹெக்சாகுளோரோடெக்னடேட் தயாரித்தல்

புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே சரியான முதல் சேர்மம். நீரில் செய்யலாம், நிறத்தைப் பார்த்தே முன்னேற்றம் தெரியும், இதிலிருந்து மற்றவற்றுக்குப் போகலாம். பெர்டெக்னடேட் என்பது +7 நிலையிலுள்ள டெக்னீசியம் நான்கு ஆக்சிஜனோடு நிற்கும் அயனி; ஹெக்சாகுளோரோடெக்னடேட் என்பது +4 நிலையில் ஆறு குளோரைடோடு நிற்பது. அடிப்படை வினை இது:

2 பெர்டெக்னடேட் + 16 ஹைட்ரஜன் அயனி + 18 குளோரைடு → 2 ஹெக்சாகுளோரோடெக்னடேட் + 3 குளோரின் வாயு + 8 நீர்

அதாவது குளோரைடுக்கு இங்கே இரட்டை வேலை. டெக்னீசியத்தை +7-இலிருந்து +4-க்கு இறக்குவதும் அதுவே, பிறகு அதைச் சூழ்ந்து நிற்பதும் அதுவே.

1. அம்மோனியம் பெர்டெக்னடேட் 50 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். இது 0.276 மில்லிமோல், கதிரியக்கம் சுமார் 17 மெகாபெக்கரல். நெடுநாள் வைத்திருந்த உப்பு தன் கதிர்வீச்சாலேயே சிதைந்து கருத்திருக்கும். அப்படியே பயன்படுத்தாதீர்கள். நீர்த்த அம்மோனியாவில் போட்டு, சில துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு மெல்லச் சூடாக்கினால் கருமை கரைந்து நிறமற்ற கரைசலாகும். அதை ஆவியாக்கினால் வெள்ளைப் படிகம் வரும். பெராக்சைடு முழுதும் போகும்வரை சூடாக்குவதை நிறுத்தாதீர்கள், மிச்சமிருந்தால் அடுத்த படியில் குளோரைடு செய்யும் வேலையை அது திருப்பிப் போடும்.

2. ஃபியூம் ஹூடுக்குள் (புகையை வெளியே இழுக்கும் அடைப்பு), விளிம்புள்ள தட்டின் மேல் வைத்த சிறு குடுவையில் 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மில்லிலிட்டர் ஊற்றி உப்பைக் கரையுங்கள். நிறமற்ற கரைசல் விரைவில் பசுமை கலந்த மஞ்சளாகும். அது +5 நிலையிலுள்ள ஆக்சோ குளோரைடு, பாதி வழி நிலையம். குளிர்ந்த நிலையிலேயே டெட்ராபியூட்டைல் அம்மோனியம் குளோரைடு சேர்த்தால் இந்த நிலையிலேயே பிடித்து நிறுத்தி, சாம்பல் கலந்த பச்சை உப்பாக வடிகட்டிவிடலாம். +5 சேர்மங்கள் செய்பவர்களுக்கு அதுவே தொடக்கப்பொருள்.

3. நாம் +4-க்குப் போக வேண்டும். அம்மோனியம் குளோரைடு 15 மில்லிகிராம் சேருங்கள். பெர்டெக்னடேட்டோடு வந்த அம்மோனியம் பாதித் தேவைக்குத்தான் போதும், மீதிப் பாதி இது. பின்னோக்குக் குளிர்விப்பான் மாட்டி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே பல மணி நேரம் சூடாக்குங்கள். வெளிவரும் குளோரின் காரக் கரைசலில் குமிழியிட்டுப் போகட்டும்.

அவசரமென்றால் அம்மோனியம் அயோடைடு 120 மில்லிகிராம் சேர்த்தால் வினை சட்டென்று நடக்கும். மேலே சொன்ன அயோடைடின் தாராளம் இதுதான். ஆனால் கொசுறாக ஒரு தொல்லையும் வரும். அயோடினை விரட்ட அடர் அமிலம் ஊற்றி ஊற்றி ஆவியாக்க வேண்டும், அரைகுறையாக விட்டால் சில குளோரைடுகளின் இடத்தில் அயோடைடு நின்றுகொண்டு விளைபொருள் கருஞ்சிவப்பாக இருக்கும். மிகுதி அம்மோனியம் குளோரைடும் படிகத்தோடு இறங்கும். சூடாக்க நேரமிருந்தால் அயோடைடு இல்லாத வழியே மேல்.

4. கரைசல் தெளிந்த மஞ்சளானதும் மெல்ல ஆவியாக்கி 1 மில்லிலிட்டருக்குக் குறைத்து, பனிக்கட்டியில் வையுங்கள். பொன்மஞ்சள் எண்முகப் படிகங்கள் இறங்கும். குளிர்ந்த அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் ஒருமுறை கழுவி, உலர்த்தியில் வையுங்கள். முழு விளைச்சல் 96 மில்லிகிராம், கரைசலில் தங்குவது போகக் குறைவாகவே கையில் வரும்.

மஞ்சள் உறுதிப்படும் முன் கரைசலை வற்றவிடக் கூடாது. +7 நிலையில் மிச்சமிருக்கும் டெக்னீசியத்தின் ஹெப்டாக்சைடு 120 டிகிரிக்குள் உருகி 311 டிகிரியில் கொதிக்கும் பொருள். அமிலக் கரைசலை வற்றச் சுண்டினால் டெக்னீசியம் ஆவியாகி ஹூடின் குழாயில் போய்ப் படியும், பிறகு அந்தக் குழாயே கதிரியக்கக் கழிவு.

சரிபார்க்க ஊதாக்கதிர் நிறமாலை போதும். ஹெக்சாகுளோரோடெக்னடேட்டுக்கு 338 நானோமீட்டரில் வலுவான உச்சி. 244, 287 நானோமீட்டர் உச்சிகள் தென்பட்டால் பெர்டெக்னடேட் மிச்சம். அளக்கும் கரைசலை அடர் அமிலத்தில்தான் செய்ய வேண்டும். நீரில் கரைத்துவிட்டு "உச்சி குறைகிறதே" என்று கருவியைச் சந்தேகிப்பது வழக்கமான பிழை. அமிலம் குறைந்தால் நீர் ஒவ்வொரு குளோரைடாகக் கழற்றிக்கொண்டு தான் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் அதை வேகப்படுத்தும். பிறகு பழுப்பு, பிறகு கருப்பு வீழ்படிவு. அதனால் குப்பியை அடர் அமிலத்தில், இருட்டில், குளிரில் வையுங்கள்.

நீரற்ற டெட்ராகுளோரைடு

இங்கேதான் நம் ஊர்க் காற்று கணக்கில் வருகிறது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மழை நாளில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். குளிர்நாட்டு ஆய்வகக் குறிப்பில் "விரைவாக மாற்றவும்" என்று இருந்தால் அங்கே அது நடக்கும். இங்கே அந்த விரைவுக்குள் சிவப்புப் படிகத்தின் மேல் பழுப்புத் தோல் வந்து, ஹைட்ரஜன் குளோரைடு புகையும் கிளம்பிவிடும். கையுறைப் பெட்டி (வெளிக்காற்று புகாமல், பொருத்திய கையுறை வழியே வேலை செய்யும் பெட்டி) இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். நீரும் ஆக்சிஜனும் மில்லியனில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும்.

தொடக்கப்பொருள் டெக்னீசியம் உலோகம், அதைக் குளோரினில் சூடாக்கினால் டெட்ராகுளோரைடு. மேலே செய்த ஹெக்சாகுளோரோடெக்னடேட்டை ஆர்கானில் சூடாக்கினாலும், அம்மோனியம் பெர்டெக்னடேட்டை ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கினாலும் சாம்பல் நிறப் பொடியாகக் கிடைக்கும். குளோரினேற்றத்துக்குச் சற்று முன் மறுபடியும் ஒருமுறை ஹைட்ரஜனில் சூடாக்குங்கள், மேல்பரப்பில் ஆக்சைடு இருந்தால் டெட்ராகுளோரைடுக்குப் பதில் எளிதில் ஆவியாகும் ஆக்சோ குளோரைடுகள் குழாயின் குளிர்ந்த முனைக்கு ஓடிவிடும்.

குழாயை மூடி வேலை செய்வதானால் கணக்குப் போட்டுவிட்டே மூடுங்கள். 25 மில்லிகிராம் உலோகம் 0.253 மில்லிமோல், அதற்குத் தேவையான குளோரின் 0.505 மில்லிமோல். 20 மில்லிலிட்டர் குவார்ட்ஸ் குழாயில் 400 டிகிரியில் இது வினைபுரியும் முன் தரும் அழுத்தம் சுமார் 1.4 வளிமண்டலம். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று இரண்டு மடங்கு ஊற்றினால் 2.8. கீறல் விழுந்த குழாய்க்கு அது போதும். திறந்த ஓட்ட முறையில் இந்தக் கவலை இல்லை, ஆனால் குளோரினை அடர் கந்தக அமிலம் வழியே உலர்த்திவிட வேண்டும். கார்பன் டெட்ராகுளோரைடும் ஹெப்டாக்சைடும் சேர்த்து மூடிய கலனில் சூடாக்கும் பழைய முறை ஒன்றுண்டு. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையால் அந்தக் கரைப்பான் கிடைப்பது அரிது, அழுத்தமும் கட்டுக்கடங்காது. விட்டுவிடலாம்.

கிடைக்கும் சிவப்புப் படிகத்தில் எண்முகங்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டி வளைந்து செல்லும் சங்கிலியாக நிற்கின்றன. அதை வெற்றிடத்தில் 450 டிகிரிக்குச் சூடாக்கினால் குளோரினை இழந்துகொண்டே டைகுளோரைடு வரை இறங்கும். அதில் டெக்னீசியம் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மைப் பிணைப்பில் கைகோத்து நிற்கும். ஹாலஜன் குறையக் குறைய உலோகம் உலோகத்தைத் தேடுகிறது என்பது இந்த வரிசையின் அழகு.

மருத்துவமனையில்: மாட்டைக் கறப்பது

ஜெனரேட்டர் எனப்படும் மாலிப்டினம்-99 அடங்கிய சிறு கருவியிலிருந்து டெக்னீசியம் எடுப்பதைத் தொழிலில் "பசுவைக் கறப்பது" என்பார்கள். உவமை தமிழருக்குப் பொருந்திவரும், நேரத்துக்குக் கறக்காவிட்டால் பசு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

அலுமினா நிரப்பிய குழாயில் மாலிப்டினம்-99 மாலிப்டேட்டாக ஒட்டியிருக்கிறது. அரை ஆயுள் 66 மணி. அது சிதைந்து பிறக்கும் பெர்டெக்னடேட்டுக்கு ஒரே ஒரு எதிர்மின் சுமை, அதனால் பிடிப்பு தளர்வு. 0.9 சதவீத உப்புக் கரைசலிலுள்ள குளோரைடு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளுகிறது. வெறும் நீரோ டெக்ஸ்ட்ரோஸ் கரைசலோ ஊற்றினால் ஒழுங்காக வராது. பாதுகாப்புப் பொருள் கலந்த உப்புக் கரைசலும் கூடாது.

கறந்த பின் ஏறத்தாழ 23 மணி நேரத்தில் அளவு மறுபடி உச்சத்துக்கு வரும். கவனிக்க வேண்டியது விடுமுறைதான். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கறந்தால் வெளிவரும் மொத்த டெக்னீசியம் அணுக்களில் 28 சதவீதம் 99எம். மீதி ஏற்கெனவே சிதைந்து 99 ஆனது. தீபாவளியோ தைப்பூசமோ வார இறுதியோடு சேர்ந்து நான்கு நாள் யாரும் தொடாவிட்டால் அது 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதே கதிரியக்கத்துக்கு ஐந்தரை மடங்கு அணுக்கள். வேதியியலுக்கு 99எம், 99 என்ற பேதம் தெரியாது, இரண்டும் சமமாகப் போட்டியிடும். நீண்ட விடுமுறைக்குப் பின் முதல் கறப்பைக் கொட்டிவிட்டு, சில மணி கழித்துக் கறப்பதை மருந்துக்குப் பயன்படுத்துவது நல்ல பழக்கம்.

ஒவ்வொரு கறப்பிலும் மாலிப்டினம் கசிவைச் சோதியுங்கள். அமெரிக்க மருந்துத் தர வரம்பு, ஊசி போடும் நேரத்தில் 1 மெகாபெக்கரல் டெக்னீசியத்துக்கு 0.15 கிலோபெக்கரல். "ஊசி போடும் நேரத்தில்" என்பதைக் கவனிக்காமல் விடுவார்கள். காலை 0.05 என்று அளந்தது, டெக்னீசியம் வேகமாகச் சிதைவதால் 6 மணி கழித்து 0.09, 12 மணி கழித்து 0.18. அப்போது வரம்பு மீறிவிட்டது. அலுமினியம் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருக்கிறதா என்று நிறமாறும் தாளில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். அதிகமிருந்தால் கூழ்மம் உருவாகும்.

குப்பியில் நடக்கும் ஹேலைடு வேலை

எலும்பு ஸ்கேனுக்கான மெட்ரோனேட் (டெக்னீசியத்தை எலும்புக்குக் கொண்டுசெல்லும் பொருள்) குப்பியில் உறைந்துலர்ந்த வெண்பொடியோடு வெள்ளீயத்தின் குளோரைடான ஸ்டானஸ் குளோரைடும் இருக்கும். பெர்டெக்னடேட் எதனோடும் ஒட்டாது. வெள்ளீயம் எலக்ட்ரான் கொடுத்து அதைக் கீழே இறக்கிய பிறகே மெட்ரோனேட் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மணிக்கணக்கில் செய்ததை இங்கே வெள்ளீயம் நிமிடங்களில் செய்கிறது.

ஒரு கணக்கு பாருங்கள். 1 மில்லிகிராம் ஸ்டானஸ் குளோரைடு டைஹைட்ரேட் 4.4 மைக்ரோமோல். 10 ஜிகாபெக்கரல் எடுத்தால், தினமும் கறக்கும் ஜெனரேட்டரில் மொத்த டெக்னீசியம் 1.9 நானோமோல்தான். வெள்ளீயம் இரண்டாயிரம் மடங்குக்கு மேல். அப்படியிருந்தும் ஏன் தோற்கிறது? ஒரு மில்லிலிட்டர் காற்றில் 8.6 மைக்ரோமோல் ஆக்சிஜன் இருக்கிறது. அது ஏறத்தாழ 17 மைக்ரோமோல் வெள்ளீயத்தைத் தின்னும், அதாவது கிட்டத்தட்ட 4 மில்லிகிராம் ஸ்டானஸ் குளோரைடை. ஊசிக்குழலில் இருந்த ஒரு மில்லிலிட்டர் காற்றுக் குமிழி போதும், குப்பி முழுதும் வீண்.

ஆகவே:

குப்பியை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, வெளியில் படிந்த பனித்துளியைத் துடைத்து, ரப்பர் மூடியை ஆல்கஹாலால் துடைத்து, அது உலரும்வரை பொறுங்கள். ஊசிக்குழலில் காற்று இல்லாமல் பெர்டெக்னடேட்டை எடுங்கள். கனஅளவும் கதிரியக்கமும் குப்பியோடு வரும் தாளில் சொன்ன வரம்புக்குள் இருக்கட்டும். உள்ளே செலுத்திய அளவுக்குச் சமமான வாயுவை அதே ஊசியாலேயே வெளியே இழுங்கள், தனி ஊசி குத்தி மூச்சு விட வைக்காதீர்கள். ஈயக் கூட்டுக்குள் மெதுவாகச் சுழற்றிக் கலந்து, தாளில் சொன்ன நேரம் வைத்துவிட்டுத் தரம் பாருங்கள்.

தரம் பார்க்க சிலிக்கா ஜெல் பூசிய இரண்டு கீற்றுகள். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் மிகச் சிறிய துளி. ஒன்று அசிட்டோனில், மற்றொன்று உப்புக் கரைசலில். துளி காயக் காத்திருக்காமல் உடனே இறக்குங்கள், காற்றில் காய்ந்தால் கீற்றின் மேலேயே ஆக்சிஜனேற்றம் நடந்து, மருந்து நன்றாக இருந்தும் கெட்டதாகக் காட்டும். அசிட்டோனில் மேலே ஏறுவது கட்டுப்படாத பெர்டெக்னடேட் மட்டும். உப்புக் கரைசலில் அடியில் தங்குவது கூழ்ம டைஆக்சைடு மட்டும். அசிட்டோன் கீற்றில் மொத்தம் 60,000 எண்ணிக்கையில் மேலே 1,200 என்றால் 2 சதவீதம். உப்புக் கீற்றில் 60,000-இல் அடியில் 1,800 என்றால் 3 சதவீதம். மருந்தாகக் கட்டுப்பட்டது 95. அமெரிக்கத் தர வரம்பு 90. அசிட்டோன் பாட்டிலைத் திறந்தே வைத்தால் நம் ஊரில் ஈரம் குடித்துவிடும், பிறகு கட்டுப்பட்டதும் மேலே ஏறிக் கணக்கைக் கெடுக்கும். சிறு பாட்டிலில் அவ்வப்போது மாற்றுங்கள்.

இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு நோய்களைச் சொல்கின்றன. பெர்டெக்னடேட் அதிகமென்றால் வெள்ளீயம் முன்னமே செத்திருக்கிறது: காற்று, பழைய குப்பி, அல்லது விடுமுறைக்குப் பிந்தைய கறப்பு. படத்தில் தைராய்டும் வயிறும் உமிழ்நீர்ச் சுரப்பியும் ஒளிரும். கூழ்மம் அதிகமென்றால் இறக்கிய டெக்னீசியத்தை மெட்ரோனேட் பிடிக்கும் முன் நீர் பிடித்துவிட்டது: அலுமினியம், தவறான அமிலத்தன்மை, அல்லது சரியாகக் கலக்காதது. படத்தில் கல்லீரல் தெரியும். முதலாவதுக்குப் புதுக் குப்பி, இரண்டாவதுக்குக் கறப்பையே சந்தேகிக்க வேண்டும்.

கழிவு

99எம் கழிவைப் பத்து அரை ஆயுள், அதாவது 60 மணி நேரம் ஈயப் பெட்டியில் வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகும், பிறகு பின்னணி அளவுக்கு வரும்வரை அளந்து பார்த்து உரிம நிபந்தனைப்படி அகற்றலாம். 10 ஜிகாபெக்கரல் 99எம் முழுதும் சிதைந்தால் மிஞ்சும் டெக்னீசியம்-99 வெறும் 32 பெக்கரல்.

மில்லிகிராம் ஆய்வகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே காத்திருந்து பயனில்லை, திரும்ப எடுப்பதே வழி. குளோரைடு கழிவுகளில் ஒருபோதும் ப்ளீச் ஊற்றாதீர்கள், அமிலத்தோடு சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா ஊற்றிக் காரமாக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு மெல்லச் சூடாக்குங்கள். மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கரைந்து நிறமற்றதாகும். அது மறுபடியும் அம்மோனியம் பெர்டெக்னடேட், கூடவே அம்மோனியம் குளோரைடும் இருக்கும் என்பதால் படிகமாக்கிப் பிரித்த பிறகே அடுத்த சுற்றுக்கு எடைபோடுங்கள். மேசை, கையுறை, தட்டு எல்லாவற்றையும் மெல்லிய ஜன்னல் கொண்ட கைகர் கருவியால் அருகில் வைத்துப் பாருங்கள். மூடிய கண்ணாடிக்குள் இருப்பதை அது பெரும்பாலும் காட்டாது, வெளியே சிந்தியதைக் காட்டும். சந்தேகமான இடத்தை வடிதாளால் துடைத்து, திரவ ஒளிர்வு எண்ணியில் போட்டு எண்ணிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.